ஹைகும் வீட்டாரின் இடம்

பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறைகளை மாட்டிக்கொண்டு, எல்ஸ்பாவின் வீங்கிய காலில் இறுக்கக் காலுறையை ஏற்றிக்கொண்டிருந்தாள் சுன்னுவா. வெறுங்கையால் இழுத்தால் வழுக்கும், ரப்பர் பிடித்துக்கொள்ளும். குதிகாலைத் தாண்டுவதுதான் சிரமம். அங்கே கொஞ்சம் நிறுத்தி, சுருக்கத்தை இரண்டு உள்ளங்கைகளாலும் நீவி மேலே தள்ள வேண்டும். தள்ளும்போது அவளுடைய இடது தோள் சுரீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு முழங்கால்வரை ஏற்றி முடித்தாள்.

"என் கால்னு நினைச்சியா, கம்பளி மூட்டைன்னு நினைச்சியா?" என்றாள் எல்ஸ்பா.

"மூட்டையா இருந்தா வாயாவது மூடியிருக்கும்."

எல்ஸ்பாவுக்கு அந்தப் பதில் பிடித்தது. எண்பத்தெட்டு வயதில் அவளுக்குக் கால் இரண்டும் ஓய்ந்துவிட்டன. கண்ணும் வாயும் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. சன்னலோரக் கட்டிலிலிருந்து லம்போய் தீவில் யார் எங்கே போகிறார்கள் என்பதை ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அன்றும் பார்த்தாள்.

"ஹன்னிஸ் கோலைத் தூக்கிக்கிட்டுப் போறான். பின்னாடி நாய். அதுக்குப் பின்னாடி பாதி ஊர். இன்னைக்கா ஆடு இறக்குறீங்க?"

சுன்னுவா கையுறையைப் பாதி கழற்றியபடி சன்னலுக்கு ஓடினாள். ஒரு வாரமாக மூடிக்கிடந்த வானம் கழுவித் துடைத்தாற்போல் இருந்தது. மலை உச்சிவரை துலக்கமாகத் தெரிந்தது. அவளுடைய போனில் ஹன்னிஸின் செய்தி வந்து வெகுநேரமாகியிருந்தது. இன்றுதான் என்று ஒரே சொல்.

அக்டோபரில் மலையிலிருந்து ஆடு இறக்கும் நாளை யாரும் முன்கூட்டிக் குறிப்பதில்லை. மந்தைத் தலைவரான ஹன்னிஸ் விடியலில் எழுந்து வானத்தைப் பார்த்து முடிவு செய்வார், ஊர் கிளம்பிவிடும். அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதே வெள்ளிக்கிழமையைத்தான் தலைநகர் டோர்ஸ்ஹவ்னில் உட்கார்ந்திருந்தவர்கள் எதிர்கால நாள் என்று இரண்டு மாதத்துக்கு முன்பே குறித்திருந்தார்கள். ஃபாரோ தீவுகளின் எல்லா ஊர்களிலும் மக்கள் கூடி, நாடு முதலில் எதைப் பற்றிப் பேசவேண்டும் என்று விவாதித்து, ஊருக்கு ஒரு கேள்வியை மாலைக்குள் அனுப்ப வேண்டும். எந்தக் கேள்வி அதிக ஊர்களிலிருந்து வருகிறதோ, அதை நாடாளுமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். ஊரில் வயதுவந்தவர்களில் பாதிப் பேராவது கூட்டத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஊரின் கேள்வி கணக்கில் வராது.

சுன்னுவாவிடம் ஒரு கேள்வி இருந்தது. கோடை முழுக்க அதைச் சுமந்துகொண்டு திரிந்தாள். லம்போயில் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, படுக்கை மாற்றும் வேலையை இரண்டு வருடமாக அவள் ஒருத்தியே பார்க்கிறாள். புத்தாண்டுக்குள் இரண்டாவது ஆள் கிடைக்காவிட்டால் தீவில் இந்தச் சேவையை நிறுத்திவிடுவதாக வட்டார அலுவலகம் சொல்லிவிட்டது. நிறுத்தினால் எல்ஸ்பாவும் அவளைப் போன்றவர்களும் கடலுக்கு அந்தப்பக்கம் நகரத்து முதியோர் இல்லத்துக்குப் போயாக வேண்டும். எல்ஸ்பா போனால் ஒரு குளிர்காலம் தாங்கமாட்டாள் என்று சுன்னுவாவுக்குத் தெரியும். இப்படிப் போய்ச் சேர்ந்தவர்கள் பலரை அவள் பார்த்திருக்கிறாள்.

"கூட்டம் என்ன ஆகும்?" என்றாள் எல்ஸ்பா.

"சீமுன் மட்டும் உக்காந்து காப்பி குடிப்பார்."

"அப்ப நான் பெட்டி கட்டணுமா?"

அதைச் சாதாரணமாகத்தான் கேட்டாள். சுன்னுவா தண்ணீர்க் குவளையை அவள் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்துவிட்டு, மீதி வீடுகளை ஓட்டமும் நடையுமாக முடித்தாள்.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் சீமுன் கழுத்துப்பட்டை கட்டி, நல்ல காலணி போட்டு, நாற்காலிகளை வட்டமாக அடுக்கிவிட்டுத் தனியாக நின்றுகொண்டிருந்தார். பெரிய காப்பிப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. ஹன்னிஸை ஒரு நாள் பொறுக்கச் சொன்னேன், ஆட்டுக்கு எதிர்காலம் கிடையாதா என்று திருப்பிக் கேட்கிறார் என்று அவர் புலம்பினார். சுன்னுவா வாசலிலேயே நின்று யோசித்தாள். ஊர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கூட்டம் நடக்க முடியும். மதியத்துக்குள் ஆடுகள் பட்டிக்கு வந்துவிடும். பட்டியின் கல்சுவருக்குள் ஊரே நிற்கும்.

"பானையைத் தூக்கிக்கிட்டுப் பட்டிக்கு வாங்க. கேள்வி எழுதுற தாளையும் எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு மலையேறினாள்.

லம்போயில் ஆடு இறக்குவது எளிய கணக்கு. மலையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை ஆட்கள் வரிசையாக நின்று, ஒருவர் கூப்பிட்டால் அடுத்தவருக்குக் கேட்கும் தூரத்தில், கத்திக்கொண்டே கீழே இறங்குவார்கள். ஆடுகள் முன்னால் ஓடிப் பட்டிக்குள் போய்ச் சேரும். வரிசையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இடம் உண்டு. தாத்தா நின்ற இடத்தில் அப்பா, அப்பா நின்ற இடத்தில் மகள். அது நிலத்தில் இருக்கும் பங்கைப்போல. அடுத்தவர் இடத்தில் போய் நிற்பது அடுத்தவர் வீட்டுக் கட்டிலில் படுப்பதற்குச் சமம்.

சுன்னுவாவின் இடம் ஓடைக்கு மேலே. அவளுக்கு வலப்பக்கம் ஹைகும் வீட்டாரின் இடம். அதற்கு அந்தப்பக்கம் ஹன்னிஸ். ஹைகும் வீட்டுப் பெரியவர்கள் இறந்துபோய், மகள் டூரிட்டா டென்மார்க்கில் ஆர்ஹுஸ் நகரத்துக்குப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. இடம் அப்படியே காலியாகக் கிடந்தது. முன்பெல்லாம் பக்கத்து வீடுகளிலிருந்து பிள்ளைகள் நிறைய வருவார்கள். ஓர் ஓட்டை இருந்தாலும் சத்தத்திலேயே அடைபட்டுவிடும். இந்த வருடம் அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கோபன்ஹேகனில் படிக்கப் போயிருந்தார்கள்.

வரிசை இறங்கியது. காற்று இல்லை. வெயிலில் புல் மஞ்சளாக மின்னியது. மந்தை ஒரே உடம்பாக முன்னால் நகர்வதைப் பார்க்கச் சுன்னுவாவுக்குத் தோள்வலி மறந்துபோயிற்று. பட்டியின் சுவர் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில், முன்னால் போன கொம்புக்கடா நின்றது. திரும்பியது. வலப்பக்கமாக ஒரு பார்வை பார்த்தது. ஹைகும் இடத்தில் யாரும் இல்லை என்பது அதற்குப் புரிந்த கணம் சுன்னுவாவுக்கும் தெரிந்தது.

நாலு எட்டு வலப்பக்கம் ஓடியிருந்தால் மறித்திருக்கலாம். அவள் ஓடவில்லை. கால் அந்தப் பக்கம் போகவே இல்லை. அந்தப்புறம் ஹன்னிஸும் தம் இடத்திலேயே நின்று கோலை ஆட்டி ஆட்டிக் கத்தினார். இருவருக்கும் நடுவே கடா நுழைந்தது. அதன் பின்னால் மந்தை முழுவதும், மதகு திறந்த தண்ணீர்போல், மேலே மலைக்குத் திரும்பி ஓடியது.

பட்டிக்கு இறங்கி வந்தபோது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மரிட்டெஸ் சுவரோரம் பெரிய சட்டியிலிருந்து ஆட்டுக்கறிச் சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். பிலிப்பைன்ஸிலிருந்து வந்து ஓலியை மணந்து ஆறு வருடமாக இங்கே இருக்கிறாள். ஓலி பெரும்பாலும் மீன்பிடிக் கப்பலில் இருப்பான். அவள் மீன் தொழிற்சாலையில் கத்தி பிடிப்பாள். ஓலியின் வீட்டு இடத்தில் அவனுடைய அண்ணன் நிற்பதால் அவளுக்கு வரிசையில் இடம் கிடையாது. எனவே வருடா வருடம் சூப் அவள் பொறுப்பு.

சீமுன் காப்பிப் பானையைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஹன்னிஸ் அவரை ஏறிட்டும் பார்க்காமல், அவ்வளவுதான், அடுத்த வாரம் வானம் பார்த்து மறுபடி வரலாம் என்று அறிவித்தார். அடுத்த வாரம் மழை என்று எல்லோருக்கும் தெரியும். ஆட்கள் கோலை எடுத்துக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் போனால் ஆடும் இல்லை, கூட்டமும் இல்லை.

சுன்னுவா சுவர்மேல் ஏறி நின்றாள்.

"இன்னும் வெளிச்சம் இருக்கு. மறுபடி ஏறுவோம். ஓட்டையில ஒரு ஆளை நிறுத்தினாப் போதும்."

"யாரை நிறுத்துறது?" என்றார் ஹன்னிஸ்.

"நான் நிக்கிறேன்" என்றாள் மரிட்டெஸ், அகப்பையைக் கீழே வைக்காமலே. "நல்லா ஓடுவேன். கத்தவும் தெரியும். ஓலிகிட்டக் கேட்டுப் பாருங்க."

சிலர் சிரித்தார்கள். ஹன்னிஸ் சிரிக்கவில்லை. அவர் கெட்ட மனிதர் அல்ல. அது ஹைகும் வீட்டு இடம், பங்கு இன்னும் டூரிட்டா பெயரில் இருக்கிறது, அவளைக் கேட்காமல் எப்படி என்று பொறுமையாக விளக்கினார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். காலையில் கேட்டிருந்தால் சுன்னுவாவே தலையாட்டியிருப்பாள்.

"அப்பக் கேட்டுடுவோம்" என்று சொல்லி அவள் போனை எடுத்தாள். டூரிட்டாவின் எண் மேலேயே இருந்தது. ஸ்பீக்கரைத் தட்டிக் கையை உயர்த்திப் பிடித்தாள். ஆர்ஹுஸில் எங்கோ சைக்கிள் மணி கேட்டது. சுன்னுவா விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. பட்டி முழுக்கக் கேட்கும்படியான சிரிப்பு.

"இன்னுமா அந்த இடத்தைக் காலியா வச்சிருக்கீங்க? எனக்காகவா? நான் ஆட்டு வாசனை பிடிக்காமதானே ஓடிவந்தேன்."

"அது உங்க வீட்டு உரிமை, டூரிட்டா" என்றார் ஹன்னிஸ், போனுக்கு அருகே குனிந்து.

"உரிமையை நீங்களே வச்சுக்கோங்க, ஹன்னிஸ். யாராவது நிக்கட்டும்." பிறகு குரல் மாறியது. "சுன்னுவா, நீ கோடை முழுக்க எனக்கு போன் பண்ணினே. வேலைக்கு வா, வான்னு. நானும் மாட்டேன் மாட்டேன்னு சொல்லிட்டேதான் இருந்தேன். அங்க இருக்கிறவங்களை யாரையாவது கேட்டியா?"

சுன்னுவாவுக்குக் காது சூடேறியது. ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. இங்கே இருப்பவர்கள் யாரையும் அவள் கேட்டதில்லை. டூரிட்டாவை அழைத்தாள், கோபன்ஹேகனில் இருக்கும் தன் அக்காள் மகளை அழைத்தாள், நார்வேக்குப் போன பழைய சிநேகிதியைக்கூட அழைத்தாள். கடையில் தனக்கு முன்னால் வரிசையில் நின்று பால் வாங்கிய மரிட்டெஸிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெட்கப்பட நேரம் இருக்கவில்லை. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் முறை ஊர் ஏறிய வேகத்தை லம்போய் மலை அதற்கு முன் பார்த்திருக்காது. கடையைப் பூட்டிவிட்டுக் கடைக்காரி வந்தாள். சீமுன் நல்ல காலணியோடு ஏறினார். மரிட்டெஸ் மீன் தொழிற்சாலையின் மஞ்சள் மேலங்கியை மாட்டிக்கொண்டு ஹைகும் இடத்தில் நின்றாள். இடப்பக்கம் சுன்னுவா, வலப்பக்கம் ஹன்னிஸ். கடா அதே இடத்துக்கு வந்தது. அதே மாதிரி நின்றது, திரும்பியது, வலப்பக்கம் பார்த்தது. மரிட்டெஸ் மேலங்கியை இரண்டு கையாலும் கப்பற்பாய்போல் விரித்து, தன் மொழியில் ஏதோ கத்திக்கொண்டு நேராக அதை நோக்கி ஓடினாள். என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது, கடாவுக்குத் தெரிந்தது. அது அலறிக்கொண்டு கீழே பாய்ந்தது. மந்தை அதன் பின்னால் பாய்ந்தது. சீமுன் ஓடையில் விழுந்து, எழுந்து, நனைந்த கழுத்துப்பட்டையைச் சுழற்றிக்கொண்டு கத்தினார். ஹன்னிஸ் தொண்டை கிழிய, "விடாதே, விடாதே, அப்படித்தான் நல்லவளே" என்று கூவினார். அவர் தம் மனைவியைத் தவிர வேறு யாரையும் நல்லவளே என்று அழைத்து ஊர் கேட்டதில்லை.

பட்டிக் கதவு மூடியபோது ஆளாளுக்கு மூச்சிரைத்தது, ஆளாளுக்குச் சிரிப்பு. ஊரில் பாதிக்கு மேல் அங்கே இருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஆட்டின் கொம்பு. ஆட்டின் காதில் வெட்டியிருந்த அடையாளத்தைப் பார்த்து யாருடையது என்று பிரித்துக்கொண்டே கூட்டம் நடந்தது. சீமுன் சுவர்மேல் உட்கார்ந்து, ஈரத்தாளை முழங்காலில் விரித்து, நாடு முதலில் எதைப் பற்றிப் பேசவேண்டும் என்று கேட்டார்.

ஹன்னிஸுக்குச் சந்தேகமே இல்லை. டென்மார்க்கிலிருந்து முழுதாகப் பிரிவதுதான் முதல் கேள்வி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. கடைக்காரி கடலடிச் சுரங்கப்பாதை என்றாள். பாதை வந்தால் ஆட்கள் வருவார்கள் என்பது அவள் கட்சி.

"வர்ற வழியிலேயேதான் போறதும்" என்றார் யாரோ ஆட்டுக்கு அடியிலிருந்து.

சால்மன் பண்ணைக்காரர்களின் வரியைப் பற்றிக் கொஞ்ச நேரம் சண்டை நடந்தது. நடுவில் ஒரு குட்டி தப்பித்து எல்லோர் காலுக்குள்ளும் ஓடியது. அதைப் பிடித்து முடித்ததும் சுன்னுவா பேசினாள். தான் கொண்டுவந்திருந்தது வேறு கேள்வி என்று ஒப்புக்கொண்டாள். முதியவர்களைப் பார்த்துக்கொள்ள அரசு பணம் ஒதுக்குமா என்று கேட்க நினைத்திருந்தாள். ஆனால் பணம் ஏற்கெனவே இருக்கிறது. ஆளுக்கான சம்பளம் இரண்டு வருடமாக எழுதிவைத்தபடியே கிடக்கிறது.

"மத்தியானம் கடா போனப்ப நான் கண்ணால பார்த்தேன். தடுத்திருக்கலாம். அது ஹைகும் வீட்டு இடம்னு நின்னுட்டேன். ஹன்னிஸும் நின்னுட்டார். நம்ம பேச்சு முழுக்க இப்படித்தான் இருக்கு. போனவங்க எப்ப வருவாங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கோம். இருக்கிறவங்களை எங்க நிக்கச் சொல்றோம்? அதை முதல்ல பேசட்டும். சுரங்கமும் கொடியும் அப்புறம் வரட்டும்."

"கொடி அப்புறமா?" என்றார் ஹன்னிஸ். "கொடி இல்லாம நாடு ஏது?"

"ஏத்தும்போது கயிறைப் பிடிக்க ஆள் வேணும்ல?"

பட்டி சிரித்தது. ஹன்னிஸும் மீசைக்குள் சிரித்தார். ஆனால் கட்சி மாறவில்லை. சீமுன் எழுத ஆரம்பித்தார். நம் ஊர்களில் வெளியாட்களுக்கு என்ன இடம் என்று அவர் வாசித்தபோது மரிட்டெஸ் நிறுத்தினாள். அவள் இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு பெரிய ஆட்டை இடுக்கிப் பிடித்திருந்தாள்.

"வெளியாள்னு போடாதீங்க சார். என் உருளைக்கிழங்கு இந்த மண்ணுலதான் இருக்கு."

வெட்டி எழுதினார்கள். கடைசியில் தாளில் நின்றது இது: நம் வரிசையில் காலியாக இருக்கும் இடங்களில் யார் யார் நிற்கலாம்? அவர்கள் நிற்பதற்காக நாம் எந்தப் பழைய உரிமையை விட்டுக்கொடுப்போம்?

ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் சீமுன். கை தூக்கினால் ஆடு ஓடிவிடும் என்று பத்துக் குரல்கள் ஒரே நேரத்தில் திட்டின. எனவே சத்தம் போட்டு வாக்களித்தார்கள். எதிர்ப்புச் சத்தம் ஹன்னிஸுடையது மட்டும். அதையும் அவர் முழுத் தொண்டையில் போட்டார். சீமுன் போனில் கேள்வியைத் தட்டி அனுப்பியபோது சூரியன் இன்னும் கடலைத் தொட்டிருக்கவில்லை.

ஆட்டைக் கைமாற்றும் சாக்கில் சுன்னுவா மரிட்டெஸின் பக்கம் போனாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"எங்கூட வேலைக்கு வர்றியா?"

"வர்றேன். ஊர்ல எங்கம்மாவைப் படுக்கையிலேயே வச்சு நான்தான் பார்த்தேன். தூக்குறது, திருப்புறது எல்லாம் தெரியும்."

"கடைப் பலகையில எழுதி ஒட்டியிருந்தேனே. ஏன் வந்து கேக்கல?"

"ஊரைவிட்டுப் போன பெண்களேன்னு ஆரம்பிச்சிருந்தீங்க. நான் போகலியே."

இருவரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் ஆடு நழுவிவிட்டது.

டோர்ஸ்ஹவ்னில் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? எத்தனை ஊர்கள் இதே கேள்வியைக் கேட்டன என்பது தெரிய நாளாகும். வட்டார அலுவலகத்தில் மொழிச் சான்று, பயிற்சிச் சான்று என்று நிச்சயம் எதையாவது கேட்பார்கள். கேட்கட்டும். பயிற்சி கொடுக்கச் சுன்னுவாவுக்குத் தெரியும். ஆளே இல்லாமல் யாருக்குக் கொடுப்பது என்பதுதான் இதுவரை சிக்கலாக இருந்தது.

மறுநாள் காலை இருவரும் எல்ஸ்பா வீட்டுக் கதவைத் தட்டாமல் உள்ளே போனார்கள். எல்ஸ்பா மரிட்டெஸைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். கடாவைத் துரத்தியவள் இவள்தானே, தன்னையும் அப்படித் துரத்தப்போகிறாளா என்று சுன்னுவாவிடம் விசாரித்தாள்.

"நீங்க திரும்பி ஓடினாத்தான் துரத்துவேன்" என்றாள் மரிட்டெஸ்.

எல்ஸ்பா மரிட்டெஸிடம் கையை நீட்டினாள். அவளிடம் அது பெரிய சம்மதம். சுன்னுவா போர்வையை விலக்கி, மரிட்டெஸ் எங்கே கை கொடுக்க வேண்டும், எப்போது மூச்சைப் பிடிக்க வேண்டும், முதுகை வளைக்காமல் எப்படி எழ வேண்டும் என்று காட்டினாள். ஒருத்தியாக இருந்தவரை படுக்கையிலேயே ஈரத்துணியால் துடைப்பதோடு முடிந்துவிடும். இன்று இரண்டு பேர் இருந்தார்கள். குளியலறைத் தொட்டியில் வெந்நீரைத் திறந்துவிட்டார்கள். மூன்று எண்ணித் தூக்கினார்கள். எல்ஸ்பா திட்டிக்கொண்டே தொட்டிக்குள் இறங்கினாள். தண்ணீர் தாடைவரை ஏறியதும் திட்டு நின்றது. ஆறும்வரை வெளியே வரமாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவர்கள் காத்திருந்தார்கள். பிறகு துவட்டி, உடுத்தி, சன்னலோரம் உட்காரவைத்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.